பார்க்க வருகிறார்கள், வாங்க யாரும் திரும்புவதில்லை: குறை விலையிலா, வீட்டிலா?

நிலைப்படி:
அப்பா கட்டிய வீட்டை விற்பனைக்குப் போட்டு மாதக்கணக்காகிவிட்டது. விளம்பரத்தைப் பார்த்துப் பலர் கூப்பிடுகிறார்கள், நேரிலும் வருகிறார்கள். "வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறோம்" என்று போகிறவர்களிடமிருந்து அப்புறம் பேச்சே இல்லை. விலையைக் குறைக்கச் சொல்கிறார் தரகர். எனக்கு மனசு ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?

சாரக்கட்டு:
தரகர் சொல்வதைக் கேளுங்கள். வீடு விற்காததற்கு ஆயிரம் காரணம் சொன்னாலும் எல்லாம் விலையில்தான் வந்து முட்டும். ஒழுகுகிற வீட்டுக்கும் ஒரு விலை உண்டு, அந்த விலை சொன்னால் ஆள் வருவார்கள். நீங்கள் கேட்கும் தொகையை எதை வைத்து முடிவு செய்தீர்கள்? அக்கம்பக்கத்தில் உண்மையில் விற்று முடிந்த விலையை வைத்தா, மற்றவர்கள் விளம்பரத்தில் கேட்கும் விலையை வைத்தா? பின்னது அவரவர் ஆசை, அவ்வளவுதான். ஜெனிசோவ், மேயர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் பாஸ்டன் நகர அடுக்குமாடி வீடுகளின் 1990-களின் விற்பனையை ஆராய்ந்து 2001-இல் எழுதியிருக்கிறார்கள். வாங்கிய விலைக்கும் கீழே சந்தை இறங்கிவிட்ட உரிமையாளர்கள், மற்றவர்களைவிட விலையை ஏற்றிக் கேட்டார்கள். அவர்கள் வீடுகள் விற்கவும் தாமதமாயின. நாம் என்ன செலவழித்தோம் என்பது வாங்குகிறவருக்குக் கணக்கே இல்லை.

ஜன்னலோரம்:
இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். விலை கட்டுப்படியாகாது என்றால் கூப்பிடவே மாட்டார்களே? விலையைத் தெரிந்துகொண்டுதானே வாசல் வரை வருகிறார்கள். போனே வராவிட்டால் விலையையோ படங்களையோ சந்தேகப்படலாம். உள்ளே வந்தபின் மனம் மாறுகிறது என்றால் வீட்டுக்குள்தான் தேட வேண்டும்.

தரகர் பேச்சையும் யோசித்துத்தான் கேட்க வேண்டும். லெவிட், சிவர்சன் என்ற பொருளாதார அறிஞர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வு சிகாகோ வட்டார விற்பனைகளைப் பற்றியது. தரகர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது சுமார் ஒன்பதரை நாள் கூடுதலாகக் காத்திருந்து, 3.7 சதவீதம் கூடுதல் விலை பார்த்தார்கள். விலை கொஞ்சம் கூடினால் அவருக்குக் கிடைக்கும் தரகு பெரிதாகக் கூடாது, சீக்கிரம் முடிவதுதான் அவருக்கு லாபம்.

சாரக்கட்டு:
அதே ஆய்வு எனக்கும் சாட்சி. ஒன்பதரை நாள் பொறுத்திருப்பது வேறு, மாதக்கணக்கில் பொறுத்திருப்பது வேறு. நாள் ஆக ஆக, "இவ்வளவு நாளாக ஏன் யாரும் வாங்கவில்லை?" என்ற கேள்வி வருகிறவர் மனதில் முதலிலேயே உட்கார்ந்துவிடும். பார்க்க வருகிறார்கள் என்பதால் விலை சரி என்றும் ஆகிவிடாது. பேசிக் குறைக்கலாம் என்ற நம்பிக்கையில் வருவார்கள், அதே பணத்துக்கு இன்னொரு நல்ல வீட்டைப் பார்த்ததும் போய்விடுவார்கள்.

நிலைப்படி:
ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். பின்னறைச் சுவரில் கீழ்ப்பக்கம் ஈரம் கோத்திருந்தது. அந்த ஒரு சுவருக்கு மட்டும் புதிதாகப் பெயிண்ட் அடித்திருக்கிறோம். வருகிறவர்களை நானே கூடவே போய்ச் சுற்றிக் காட்டுகிறேன். போன வாரம் வந்த அம்மா அந்தச் சுவரில் புறங்கையை வைத்துப் பார்த்தார். அப்புறம் எதுவும் கேட்கவில்லை.

ஜன்னலோரம்:
விஷயம் அங்கேதான் இருக்கிறது. அறை முழுக்கப் பழைய பெயிண்டாக இருக்க, ஒரு சுவர் மட்டும் பளிச்சென்று இருந்தால் யாருக்கும் கண் அங்கேதான் போகும். ஈரத்தின் மேல் பெயிண்ட் அடித்தால் நிற்காது. தண்ணீர் உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வரும், காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்துக் கொப்பளித்து உதிரும். ஓதவாடை வேறு. அங்கேயே புழங்குகிறவர்களுக்கு மூக்கு பழகிவிடும், புதிதாக நுழைகிறவருக்குக் கதவைத் திறந்ததுமே தெரியும்.

குழாய்க் கசிவா, மழைநீர் போகும் வழி அடைபட்டிருக்கிறதா, தரையிலிருந்து ஏறுகிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம், தயவுசெய்து வருகிறவர்கள் கூடவே போகாதீர்கள். நீங்கள் பக்கத்தில் நின்றால், "இந்த அலமாரிக்குப் பின்னால் என்ன?" என்று கணவனும் மனைவியும் தங்களுக்குள் பேசிக்கொள்ளக்கூட முடியாது.

சாரக்கட்டு:
விற்கப் போகிற வீட்டில் எதற்குக் காசைக் கொட்ட வேண்டும்? போட்ட பணம் அப்படியே திரும்பும் என்று யார் சொன்னது? ஈரம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அதற்கான தொகையை விலையில் கழித்துவிடட்டும்.

ஜன்னலோரம்:
எவ்வளவு கழிப்பது? காரணம் தெரியாதவரை வாங்குகிறவர் அஸ்திவாரமே போய்விட்டது என்றுதான் கணக்குப் போடுவார். பழைய கார்ச் சந்தையை வைத்து அக்கர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970-இல் விளக்கியது இதைத்தான்: பொருளின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது என்றால், நல்ல பொருளுக்கும் அடிமாட்டு விலைதான் கேட்பார்கள். ஒரு குழாய் இணைப்பை மாற்றினால் முடிகிற வேலைக்கு வீட்டின் விலையையே இறக்குவது அநியாயம். அது அவருடைய அப்பா கட்டிய வீடு.

சாரக்கட்டு:
அப்பா கட்டியது என்பதற்காக யாரும் கூடுதலாகத் தர மாட்டார்கள். அதில் என் கருத்து மாறாது. ஆனால் ஈரத்துக்குக் காரணம் தெரியாமல் விலையைத் தொட வேண்டாம் என்பது சரி. நிலைப்படி, அதுவரை விளம்பரத்தை நிறுத்தி வையுங்கள். சரிசெய்து சுவர் நன்றாகக் காய்ந்தபின் அறை முழுவதற்கும் பெயிண்ட் அடியுங்கள். வேலை செய்தவரிடம் ரசீது வாங்கி வைத்து, பகல் வெளிச்சத்தில் புதுப் படம் எடுத்துப் போடுங்கள். அப்போதும் வந்து பார்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தால் விலையை இறக்குங்கள், ஆனால் ஒரே தடவையில். வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால், இன்னும் இறங்கும் என்று எல்லாரும் காத்திருப்பார்கள்.

நிலைப்படி:
சரி. நாளைக்கே குழாய் வேலை செய்பவரை வரச் சொல்கிறேன். அந்தச் சுவருக்கு வெளிப்பக்கம்தான் குளியலறைத் தண்ணீர் வெளியேறும் குழாய் இருக்கிறது.