புதுப்பிப்பு: புது காரில் வந்த 'டிக் டிக்' சத்தம்

போன மாதம் எழுதியிருந்தேன்: 3,000 கிலோமீட்டர்கூட ஓடாத பெட்ரோல் கார், காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' என்று சத்தம், சூடானதும் அடங்கிவிடும். சர்வீஸ் சென்டரில் இரண்டு முறையும் "இன்ஜெக்டர் சத்தம் சார், நார்மல்தான்" என்று அனுப்பிவிட்டார்கள். (இன்ஜெக்டர் என்பது இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் பாகம்.)

காரணம் தெரிந்துவிட்டது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கெட்டில் கசிவு. மேனிஃபோல்ட் என்பது இன்ஜினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்; அது இன்ஜினோடு சேரும் இடத்தில் புகை கசியாமல் அடைப்பதுதான் கேஸ்கெட்.

தண்டையார்பேட்டையில் அப்பா காலத்திலிருந்து எங்கள் வண்டிகளைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணன்தான் கண்டுபிடித்தார். "ராத்திரியே கொண்டாந்து விட்டுடு தம்பி, இன்ஜின் ஆறினாத்தான் தெரியும்" என்றார். காலையில் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜினின் மேல்மூடியான வால்வு கவரில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டார். அங்கே ஒன்றுமில்லை. இன்ஜெக்டர் பக்கம் சன்னமான, சீரான சத்தம்தான்; அது எப்போதும் இருப்பதாம். அப்புறம் டார்ச் அடித்துக் காட்டினார். மேனிஃபோல்டின் கடைசி நட்டுக்குக் கீழே விரல் நகம் அளவுக்குக் கரி படிந்திருந்தது. இரும்பு ஆறியிருக்கும்போது அங்கே கேஸ்கெட் இடைவெளியில் புகை விட்டுவிட்டுப் பீறிடும்; அதுதான் அந்த 'டிக் டிக்'. சூடேறி விரிந்ததும் அடைபட்டுவிடும். பத்து நிமிடத்தில் சத்தம் மறைந்த மர்மம் இதுதான்.

அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. "வாரண்டி இருக்கு, நான் கை வைக்கக் கூடாது" என்று போட்டோ மட்டும் எடுக்கச் சொன்னார். பெரிய மனசு. அந்தப் படத்தைக் காட்டியதும் சர்வீஸ் சென்டரில் பேச்சு மாறியது. காசு வாங்காமல் கேஸ்கெட்டை மாற்றித் தந்தார்கள்.

இரண்டு வாரமாகத் தினமும் காலையில் திருவொற்றியூர் வரை கண்ணாடியை இறக்கிவிட்டே போகிறேன். சத்தம் இல்லை.