பள்ளியில் கொடுத்த கார்பன் கணக்குத் தாள்: 'தவறுகள்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

பர்கூர்க் கணக்கர்:

அனைவருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரியில் கணக்கராக வேலை பார்க்கிறேன். வீடு பர்கூருக்கு அருகில் இருக்கிறது. எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குப் பள்ளியில் ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுப் பயன்பாட்டால் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு காற்றில் சேருகிறது என்று கணக்கிடுவதற்கு. மின்சாரம் எத்தனை யூனிட், ஆண்டுக்கு எத்தனை சிலிண்டர், வண்டிக்கு எவ்வளவு பெட்ரோல் என்று நிரப்பிக்கொண்டே போனால், கடைசியில் 'நான் செய்த தவறுகள்' என்றொரு கட்டமும் அதற்குப் பக்கத்தில் 'நான் கைவிடப்போகும் பழக்கங்கள்' என்றொரு கட்டமும் வருகின்றன.

கணக்கு என் தொழில் என்பதால் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். இரண்டு மாதத்துக்கு 260 யூனிட் மின்சாரம். யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.72 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று கொண்டால் ஆண்டுக்கு 1,120 கிலோ ஆகிறது. சிலிண்டர் ஒன்றுக்குச் சுமார் 42 கிலோ வீதம் எட்டு சிலிண்டருக்கு 336 கிலோ. மாதம் 12 லிட்டர் பெட்ரோலுக்கு ஆண்டில் 330 கிலோ. நான்கு பேருக்கும் சேர்த்து 1,800 கிலோவைத் தொடவில்லை. தலைக்கு 450 கிலோகூட இல்லை. சாப்பாடு, துணிமணி, வீடு கட்டிய சிமெண்ட் எல்லாம் இதில் சேராது என்பது எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் சேர்த்த இந்தியச் சராசரியே தலைக்கு ஏறத்தாழ இரண்டு டன்தான். அமெரிக்கர் ஒருவருக்கு அது 14 டன் அளவில் இருக்கிறது. "இதில் எதைப்பா தவறு என்று எழுதுவது?" என்று மகள் கேட்கிறாள்.

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். என் மைத்துனரின் தையல் கடை அங்கேதான் இருக்கிறது. தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தால், கல்யாண வீட்டுக்காக வெட்டி வைத்திருந்த ரவிக்கைத் துணிகள் சேற்றில் ஒட்டிக் கட்டியாகக் கிடந்தன. தையல் இயந்திரத்தின் சக்கரம் சுற்றவே இல்லை. வண்டிகூட வைத்திராத அவரும் இந்தத் தாளில் தவறு எழுத வேண்டுமா? எரிபொருளை எரித்தால் புவி சூடேறும், பருவம் கெடும் என்பதெல்லாம் எண்ணெய் நிறுவனங்களுக்கு முன்பே தெரியும், தெரிந்தே மறைத்தார்கள் என்கிறார்களே, அது உண்மையா? உண்மையென்றால், நாம் சிக்கனமாக வாழ்வதில் ஏதாவது பொருள் உண்டா?

பாலக்கோடு ஓய்வாசிரியர்:

இயற்பியல் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: உண்மைதான். 1977-இல் எக்ஸான் என்ற அமெரிக்க எண்ணெய் நிறுவனத்தின் விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக், எரிபொருளை எரிப்பதால் புவி சூடேறும் என்பதை அதன் உயர் நிர்வாகிகளிடமே நேரில் விளக்கினார். அதற்கடுத்த சில ஆண்டுகள் அந்த நிறுவனம் நேர்மையாகவே ஆராய்ந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். தன் எண்ணெய்க் கப்பல் ஒன்றிலேயே கருவிகளைப் பொருத்திக் கடல் எவ்வளவு கார்பனை உறிஞ்சுகிறது என்று அளந்தது. 1977 முதல் 2003 வரை அதன் விஞ்ஞானிகள் உள்ளுக்குள் கணித்த வெப்ப உயர்வு பத்தாண்டுக்குச் சராசரியாக 0.2 டிகிரி, பின்னர் நடந்ததும் ஏறத்தாழ அதுவே என்பதை 2023-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு காட்டியது. இவ்வளவு தெரிந்த நிறுவனம் வெளியே வந்து 'இன்னும் உறுதியாகவில்லை' என்று விளம்பரம் செய்ததுதான் குற்றம்.

1989-இல் எண்ணெய், நிலக்கரி, மோட்டார் நிறுவனங்கள் சேர்ந்து 'உலகளாவிய காலநிலைக் கூட்டணி' என்ற அமைப்பைத் தொடங்கின. பெயரைக் கேட்டால் சுற்றுச்சூழல் அமைப்பு என்றே நினைக்கத் தோன்றும். அது செய்த வேலையோ புவியைச் சூடேற்றும் வாயுக்களின் வெளியீட்டைக் கட்டுப்படுத்தும் சட்டம் எதுவும் வராமல் தடுப்பது. மனிதச் செயலின் தாக்கத்துக்கான அறிவியலை மறுக்க முடியாது என்று 1995-இல் அதன் சொந்த ஆலோசகர்களே வரைவு எழுதிக் கொடுத்தும், வெளியில் பேச்சு மாறவில்லை. 1998-இல் எண்ணெய் நிறுவனங்களின் சங்கமான அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தைச் சுற்றி உருவான ஒரு திட்டக் குறிப்பு பத்திரிகைகளுக்குக் கசிந்தது. சாதாரண மக்கள் மனத்தில் இந்த அறிவியலைப் பற்றிய ஐயம் குடியேறினால் அதுவே வெற்றி என்பது அதன் சாரம். மாணவன் விடையைத் தவறாக எழுதினால் திருத்தலாம். சரியான விடையைத் தெரிந்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவனுக்குத் தவறாகச் சொல்லிக் கொடுப்பவனை என்ன செய்வது?

உங்கள் மகளின் தாளுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. மனிதர் ஒருவருக்கு எவ்வளவு நிலமும் நீரும் தேவை என்று அளக்கும் 'சூழல் தடம்' என்ற கருத்தை 1990-களில் வளர்த்தவர்கள் கனடாவைச் சேர்ந்த கல்வியாளர்கள். ஆனால் 'உங்கள் கார்பன் தடம் எவ்வளவு?', அதாவது உங்கள் வாழ்க்கையால் வெளியேறும் கார்பன் எவ்வளவு என்ற கேள்வியை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்ததில், 2004-இல் அதற்கென ஒரு கணிப்பானையே இணையத்தில் வெளியிட்ட பிரிட்டிஷ் எண்ணெய் நிறுவனமான பிபிக்குப் பெரும் பங்கு உண்டு. அளவுகோலில் குறையில்லை, அதை யார் கையில் கொடுத்து, யாரை அளக்கச் சொன்னார்கள் என்பதுதான் கேள்வி.

காவேரிப்பட்டணம் தோப்புக்காரர்:

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நூறு நிறுவனங்கள்தாம் உலகின் 71 விழுக்காடு வாயு வெளியீட்டுக்குக் காரணம் என்று எங்கும் எழுதுகிறார்கள். பிறகு குழந்தைகளிடம் போய்த் தவறைத் தேடுவது எதற்கு?

ஏமாற்று வேலை அமெரிக்காவில் மட்டும் நடக்கவில்லை. மாங்கன்று வளர்க்க 'முழுவதும் மக்கும்' என்று அச்சிட்ட பைகளைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கினேன். மிஞ்சியதில் பத்துப் பைகளை எருக்குழியில் சாணத்தோடு போட்டு மூடினேன். அடுத்த ஆண்டு பெங்களூரா மாங்காய் அறுவடை முடிந்து குழியைத் தோண்டியபோது, பை கிழிந்து விரல் அகலத் துண்டுகளாகப் போயிருந்ததே தவிர மக்கவில்லை. அச்சடித்திருந்த பச்சை இலைப் படம் ஒரு துண்டில் அப்படியே இருந்தது. விசாரித்த பிறகுதான், இப்படிப்பட்ட பைகள் பெரும்பாலும் 58 டிகிரி அளவு வெப்பம் நிலையாக இருக்கும் தொழிற்கூட உரக்கிடங்கில் மட்டுமே மக்கும் என்றும், அப்படி விற்பதற்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று வேண்டும் என்றும் தெரிந்தது. நான் வாங்கிய பையில் சான்று எண்ணே இல்லை. விற்றவர் இப்போது வேறு பெயரில் விற்கிறார். இப்படி ஏமாந்ததையும் என் தவறுகளில் சேர்த்துக்கொள்ள வேண்டுமோ என்னவோ!

ஓசூர் இரவுப்பணி:

தோப்புக்கார அண்ணன் கோபிப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த 71 விழுக்காட்டை அப்படியே சொன்னால் நாமும் பாதி உண்மை பேசுபவர்கள் ஆகிவிடுவோம். 2017-இல் வந்த அந்த அறிக்கை 1988-க்குப் பிந்தைய தொழில்துறை வாயு வெளியீட்டைத்தான் கணக்கிட்டது. அந்த நூறில் கோல் இந்தியா போன்ற அரசு நிறுவனங்களும் உண்டு. அதைவிட முக்கியமாக, அந்தக் கணக்கில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு, அவர்கள் விற்ற நிலக்கரியையும் எண்ணெயையும் வாங்கியவர்கள் எரித்ததால் வந்தது. தோப்பில் ஓடும் மோட்டாரும் நான் இரவில் நிற்கும் உற்பத்தி வரிசையும் அதில் அடக்கம். பொய் சொன்ன குற்றம் முழுவதும் அவர்களுடையது; எரித்த கணக்கில் நமக்கும் ஒரு சிறு பங்கு இருக்கிறது. இரண்டையும் ஒரே பேரேட்டில் எழுதுவதால்தான் குழப்பம் வருகிறது.

எங்கள் ஊரில் மின்சார ஸ்கூட்டர் வாங்கியவரைப் பார்த்து, 'நிலக்கரி மின்சாரத்தில்தானே ஓடுகிறது, இதனால் என்ன பயன்?' என்று கேட்காதவர் கிடையாது. போட்டுப் பார்த்தேன். என் பழைய ஸ்கூட்டர் லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுத்தது. நூறு கிலோமீட்டருக்கு 4.6 கிலோ. மின்சார வண்டி அதே தூரத்துக்கு மூன்று யூனிட்டைச் சுற்றி எடுக்கிறது. நம் நாட்டு மின்சாரத்தில் முக்கால் பங்கு நிலக்கரியிலிருந்து வந்தாலும் 2.2 கிலோதான். மின்னேற்றும்போது வீணாவதைச் சேர்த்தாலும் ஏறத்தாழப் பாதி மிச்சம். 'எதைச் செய்தும் பயனில்லை' என்பதும் ஐயா சொன்ன அந்த ஐயத்தைப் போலவே யாருக்கோ வசதியான பேச்சு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இருந்தாலும் எல்லாம் நம் மன உறுதியில் இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். கூரையில் சூரியத் தகடு போட மூன்று கிலோவாட்டுக்கு ஒன்றிய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. நான் வாடகை வீட்டில் இருக்கிறேன். வீட்டுக்காரருக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. என் தாளில் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவேன்?

பாலக்கோடு ஓய்வாசிரியர்:

71 விழுக்காட்டைப் பற்றித் தம்பி சொன்னது சரியான திருத்தம். கணக்கர் அவர்களே, 'தவறுகள்' என்ற சொல்லை மட்டும் மாற்ற அனுமதி கேளுங்கள். அளப்பதைக் குழந்தை கற்றுக்கொள்ளட்டும். குற்ற உணர்ச்சியைப் பாடமாக வைக்க வேண்டியதில்லை.

பர்கூர்க் கணக்கர்:

நன்றி ஐயா. நேற்று மகளும் நானும் மீட்டருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, குளியலறை ஹீட்டரை அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தோம். சரியாக ஒரு யூனிட் ஏறியது. தினமும் என்றால் இரண்டு மாதத்துக்கு 60 யூனிட். கைவிடும் பழக்கங்களில் அதை அவளே எழுதிக்கொண்டாள். மாடியில் வெயிலில் தண்ணீர் நிரப்பி வைத்தால் போதுமாம். 'தவறுகள்' என்பதை அடித்துவிட்டு 'எங்கள் பங்கு' என்று எழுதி, அதற்குக் கீழே அளவுகோலால் கோடு போட்டு 'மற்றவர்கள் பங்கு' என்று புதிதாக ஒரு கட்டம் வரைந்திருக்கிறாள். அதில் 1977 என்று தொடங்கி மூன்று வரி எழுதிவிட்டு, கருவி பொருத்திய அந்தக் கப்பலின் பெயருக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறாள். திங்கட்கிழமை தாளைக் கொடுக்க வேண்டும். பெயர் நினைவிருந்தால் சொல்லுங்கள்.

பாலக்கோடு ஓய்வாசிரியர்:

'எஸ்ஸோ அட்லாண்டிக்'. ஆண்டு 1979. காற்றிலும் கடலின் மேல்மட்ட நீரிலும் அளந்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.