இன்டென்ட்: உள்தள்ளலா, உள்வாங்கலா, உள்ளோரமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நிரல் திருத்திகளின் உதவிப் பக்கங்களைத் தமிழாக்க உட்காருகிறவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் சொல் 'இன்டென்ட்'. கலைச்சொல் பட்டியல்களில் 'உள்தள்ளல்' இருக்கிறது. பத்தியின் முதல் வரியைச் சற்றுத் தள்ளி அச்சிடுவதற்கு அது போதும், நிரலுக்குப் போதவில்லை. தள்ளல் என்பது செயல். நமக்குப் பெரும்பாலும் வேண்டியிருப்பது ஓர் எண்ணுக்குப் பெயர்: வரியின் முதல் எழுத்து இடவிளிம்பிலிருந்து எத்தனை இடம் உள்ளே நிற்கிறது என்பது.

விம் என்ற நிரல் திருத்தியில், வரிகளைச் சுருக்கி மறைக்கும் மடிப்பு வசதியைப் பாருங்கள். 'ஃபோல்ட்மெத்தட்' அமைப்புக்கு 'இன்டென்ட்' என்ற மதிப்பைக் கொடுத்தால், ஒவ்வொரு வரியின் இன்டென்ட்டையும் 'ஷிஃப்ட்விட்த்' எண்ணால் வகுத்து, மீதியை விட்டுவிட்டு, ஈவை மடிப்பு நிலையாக எடுத்துக்கொள்கிறது. ஷிஃப்ட்விட்த்தின் இயல்பு மதிப்பு 8. கோப்பிலோ நான்கு நான்கு இடைவெளியாக எழுதியிருக்கிறார்கள். 12 இடைவெளி உள்ளே நிற்கும் வரி மூன்றாம் நிலையில் இருக்க வேண்டியது. 12ஐ 8ஆல் வகுத்து 1 என்று கணக்கிடுகிறது. 4 இடைவெளி உள்ள வரிக்கு 0, அதாவது மடிப்பே இல்லை. ஷிஃப்ட்விட்த்தை 4 ஆக்கினால் எல்லாம் நேராகிவிடும். இதைத் தமிழில் 'உள்தள்ளலை உள்தள்ளல் அகலத்தால் வகுக்க' என்று எழுதினால் யாருக்கு விளங்கும்?

என் முன்மொழிவு 'உள்ளோரம்'. பக்கத்துக்கு ஓரம் ஒன்று. அதற்கு உள்ளே ஒவ்வொரு வரிக்கும் தனித்தனி ஓரம். ஷிஃப்ட்விட்த்துக்குப் 'படியளவு'. இப்போது விதி ஒரே வரியில் நிற்கிறது: மடிப்பு நிலை = உள்ளோரம் ÷ படியளவு.

வினைகளும் தானாக அமைகின்றன. விம்மில் >> என்பது படி ஏற்று, << என்பது படி இறக்கு. == அடித்தால் வரியை மொழியின் விதிப்படி நிறுத்துகிறது; தேவைப்பட்டால் இடப்பக்கமாகவும் இழுக்கிறது. இடப்பக்கம் போகும் வரியை 'உள்தள்ளு' என்று எப்படிச் சொல்வது? 'உள்ளோரம் சீராக்கு' என்றால் இருபக்கத்துக்கும் பொருந்தும்.

* * *

> பக்கத்துக்கு ஓரம் ஒன்று. அதற்கு உள்ளே ஒவ்வொரு வரிக்கும் தனித்தனி ஓரம்.

ஐயா, பெயர்ச்சொல் வேண்டும் என்பதில் மறுப்பில்லை. ஆனால் 'உள்வாங்கல்' என்ற சொல்லை எடைபோடாமல் தாண்ட வேண்டாம். வீடு தெருவிலிருந்து நாலடி உள்வாங்கி இருக்கிறது என்கிறோம். 'இந்த வரி ஒரு படி உள்வாங்கி இருக்கிறது' என்றால் விளக்கமே தேவையில்லை. இடர் என்னவென்றால், உள்வாங்கல் என்றால் பாடத்தை மனத்தில் வாங்கிக்கொள்வது என்ற பொருள் இன்று ஓங்கிவிட்டது. 'தானியங்கி உள்வாங்கல்' என்று பட்டியலில் போட்டால், திருத்தி எதையோ படித்துப் புரிந்துகொள்வதாகத் தோன்றும். ஆகவே கலைச்சொல் 'உள்ளோரம்' ஆகட்டும். விளக்க உரைநடையில் 'உள்வாங்கிய வரி' என்று எழுதத் தடை வேண்டாம்.

'படி' மிக நல்ல தேர்வு. அதன் முழுப் பயன் ஈமாக்ஸ் என்ற இன்னொரு திருத்தியில்தான் தெரியும். சி மொழிக்கு ஈமாக்ஸின் இயல்பு பாணி 'க்னு'. அதில் படியளவு 2. 'இஃப்' வரிக்குக் கீழே தனி வரியில் வரும் { குறி ஒரு படி உள்ளே போகும்; அதற்குள் இருக்கும் வரிகள் இன்னும் ஒரு படி. இது பிடிக்காதவர்கள் 'சி-பேசிக்-ஆஃப்செட்' மதிப்பை மட்டும் 4 ஆக்கிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அப்போது { குறி 4 இடத்திலும் உள்வரிகள் 8 இடத்திலும் போய் நிற்கின்றன; முன்னைவிட மோசம். பிழை படியளவில் இல்லை. அந்த { குறிக்கு எத்தனை படி என்ற விதியில் இருக்கிறது.

விதியின் பெயரைத் திருத்தியிடமே கேட்கலாம். குறிமுள்ளை (கர்சரை) அந்த வரியில் வைத்து கன்ட்ரோல்-சி, கன்ட்ரோல்-எஸ் அடித்தால் அடியில் 'சப்ஸ்டேட்மென்ட்-ஓப்பன்' என்று காட்டும். கன்ட்ரோல்-சி, கன்ட்ரோல்-ஓ அடித்து அதற்கு 0 கொடுத்தால் { குறி 'இஃப்'புக்கு நேர் கீழே வந்துவிடும். இது அந்தக் கோப்புக்கு மட்டும்தான். நிலைக்க வேண்டுமானால் கோப்பைத் திறக்கும்போதெல்லாம் இயங்கும் 'சி-மோட்-காமன்-ஹுக்' கொக்கிக்குள் எழுத வேண்டும். பாணி மாறிகள் ஒவ்வொரு கோப்புக்கும் தனியாக அமைகிறவை என்பதால், தொடக்கக் கோப்பில் வெறுமனே எழுதிவைப்பது பலன் தராது.

இப்படி ஒவ்வொரு இலக்கண உறுப்புக்கும் தரும் மதிப்பைத்தான் 'ஆஃப்செட்' என்கிறார்கள். + போட்டால் ஒரு படி, ++ இரண்டு படி, - ஒரு படி இறக்கம், * அரைப்படி. அரைப்படி நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் சொல்! ஆஃப்செட்டுக்குத் 'தள்ளளவு' என்று முன்மொழிகிறேன். 'தள்ளு' என்ற வினை அதற்குரிய இடத்துக்கு வந்து சேர்கிறது.

அடுத்தது 'டேப்'. பல மென்பொருள்களில் இதற்குத் 'தாவல்' என்று போட்டிருக்கிறார்கள். நிரல் திருத்தியில் இது பெரிய குழப்பம். விம்மில் அடைப்புக்குறியில் நின்று % அடித்தால் இணைக்குறிக்குத் தாவுகிறோம். கன்ட்ரோல்-ஓ முந்தைய இடத்துக்குத் தாவும்; கன்ட்ரோல்-ஐ திரும்ப முன்னால் தாவும். தாவிய இடங்களின் பட்டியலை விம் வைத்துக்கொள்கிறது. 'தாவல் பட்டியல்' என்றால் எந்தப் பட்டியல்? மேலும் முனையத்தில் டேப் விசையும் கன்ட்ரோல்-ஐயும் 9 என்ற ஒரே குறியெண்ணைத்தான் அனுப்புகின்றன. டேப் விசைக்கு வேறு வேலை கொடுத்தவர்கள் பலர், முன்னால் தாவும் வசதி எப்படிப் போனது என்று தெரியாமல் தேடுவது இதனால்தான். இந்த எச்சரிக்கையை இப்போதுள்ள சொற்களில் எழுதினால் 'தாவல் விசையை மாற்றினால் முன்தாவல் வேலை செய்யாது' என்று வரும். படிக்கிறவர் நிச்சயம் திணறுவார்.

* * *

> இந்த எச்சரிக்கையை இப்போதுள்ள சொற்களில் எழுதினால்

மூன்றாகப் பிரித்துவிடலாம். டேப் எழுத்துக்குத் 'தத்தல்'. சிலர் ஏற்கெனவே எழுதும் சொல்தான், பொருளும் அவ்வளவு பொருத்தம். அந்த எழுத்துக்கு நிலையான அகலம் கிடையாது. இயல்பாக எட்டின் மடங்கில் இருக்கும் அடுத்த நிறுத்தத்துக்குத் தத்திப் போகிறது. முன்னால் 3 எழுத்து இருந்தால் 5 இடம் தத்தும், 7 எழுத்து இருந்தால் 1 இடம்தான். தத்துக்கிளியை நினைத்துக்கொண்டால் மறக்காது. நிறுத்தம் 'தத்துநிலை'. விம்மில் சன்னல்களைத் தொகுத்துக் காட்டும் 'டேப் பேஜ்' என்பதற்குக் 'கீற்று'. 'தாவல்' குறிமுள்ளுக்கு மட்டும். மேலே சொன்ன எச்சரிக்கை 'தத்தல் விசையை மாற்றினால் முன்தாவல் போய்விடும்' என்றாகும்.

வழிசெலுத்தல் என்ற நீண்ட சொல்லும் இங்கே தேவைப்படாது. திருத்தியில் நாம் செய்வதெல்லாம் தாவல்தான், அதிலும் உள்ளோரத்துக்குப் பங்கு உண்டு. விம்மில் [[ அடித்தால் உள்ளோரம் 0 ஆக இருக்கும் { குறியைத் தேடிப் பின்னால் போகும். செயற்கூற்றின் (ஃபங்ஷனின்) தலைப்பு வரியின் முடிவிலேயே { குறியைப் போடும் பாணியில் எழுதிய கோப்பில் அது எதையும் காணாமல் கோப்பின் தலைக்கே போய்விடும்.

இந்தச் சொற்கள் தாங்குமா என்று பைத்தான் நிரல்மொழியின் இரண்டு பிழைச்செய்திகளில் ஏற்றிப் பார்த்தேன். பைத்தான் உள்ளோரங்களை ஓர் அடுக்கில் வைத்துக்கொள்கிறது. அடுக்கில் 0, 4, 8 இருக்கும்போது 6இல் ஒரு வரி வந்தால் அது எந்த நிலைக்கும் உரியதில்லை. 'இறங்கிய வரியின் உள்ளோரம் மேலுள்ள எந்த நிலையோடும் பொருந்தவில்லை.' நன்றாக நிற்கிறது. இரண்டாவது: 'உள்ளோரத்தில் தத்தலும் இடைவெளியும் முரணாகக் கலந்துள்ளன.' இதுவும் நிற்கிறது. ஆனால் இங்கே உதவிக் குறிப்பு ஒன்று சேர்க்க வேண்டும். புதிதாக அடிக்கும் தத்தல்களை இடைவெளியாக்கும் விம்மின் 'எக்ஸ்பேண்ட்டேப்' அமைப்பைப் பொதுவாக இயக்கச் சொல்லும்போது, 'மேக்' என்ற நிரல் கட்டும் கருவிக்கான மேக்ஃபைலில் கட்டளை வரியின் தொடக்கத்தில் தத்தல்தான் இருந்தாக வேண்டும், இடைவெளி இருந்தால் பிரிகுறி இல்லை என்று மேக் நின்றுவிடும் என்பதையும் அதே பத்தியில் சொல்லுங்கள். அமைப்பு இயங்கும்போதே உண்மையான தத்தல் வேண்டுமென்றால், செருகு நிலையில் கன்ட்ரோல்-வி அடித்து அப்புறம் தத்தல் விசை.

மிச்சமிருப்பது விம்மின் 'சாஃப்ட்டேப்ஸ்டாப்' அமைப்பு. 'மென்தத்துநிலை' என்று சொல்லுக்குச் சொல் வேண்டாம்; அதில் மென்மையானது ஒன்றுமில்லை. தத்தல் விசையை ஒரு தட்டுத் தட்டினால் எத்தனை இடம் நகர வேண்டும், பின்னழி விசையைத் தட்டினால் எத்தனை இடம் அழிய வேண்டும் என்பதுதான் அந்த எண்; தத்துநிலைகள் 8 இடத்துக்கு ஒன்றாகவே இருக்கலாம். 'தட்டளவு' என்று வைக்கிறேன். தள்ளளவோடு ஓசை நெருக்கமாக இருப்பது ஒரு குறை. மாற்றுச் சொல் இருந்தால் பட்டியலைப் பூட்டும் முன் சொல்லுங்கள்.