மக்காச்சோளம் பாதிதான் முளைத்திருக்கிறது: விடுவதா, அழித்து விதைப்பதா?

விதைத்து இன்றோடு 20 நாள். ஒன்றரை ஏக்கர், செம்மண், வரிசைக்கு வரிசை 60, செடிக்குச் செடி 25 செ.மீ. இடைவெளி. கருவி வைத்துத்தான் விதைத்தோம். 10 மீட்டர் வரிசையில் 40 செடி நிற்க வேண்டும். ஐந்து இடங்களில் எண்ணினேன், 23, 25 என்றுதான் வருகிறது.

மூன்றாம் நாள் சாயங்காலம் பெரிய மழை, அப்புறம் இரண்டு நாள் சுள்ளென்று வெயில். மேல்மண் அப்பளம் மாதிரி இறுகிவிட்டது. முளைக்காத இடத்தைத் தோண்டினால், குருத்து மேலே வர வழியில்லாமல் தூண்டில் முள்ளாக வளைந்து, மண்ணுக்குள்ளேயே மஞ்சள் இலை விரித்துக் கிடக்கிறது. பார்க்கவே மனசு தாங்கவில்லை. சில இடங்களில் விதை 8 செ.மீ. ஆழம் போயிருக்கிறது. நான் நினைத்தது 5.

விதையில் குறை இல்லை. மீதியிருந்ததில் 100 விதையை ஈரச்சாக்கில் சுற்றி வைத்ததில் 92 முளைத்தது. லேசாகத் தண்ணீர் கட்டி, மேல்மண்ணைக் கொத்திவிட்டும் பார்த்தேன். கொஞ்சம்தான் எழுந்தது. 11-ஆம் நாள் ஊறவைத்த விதையை, முளைக்காத இடங்களில் ஊன்றினேன். அவை இப்போது இரண்டு இலையில் நிற்கின்றன. முதலில் வந்தவை ஐந்து இலை. பெரிய செடியின் நிழலில் இவை கதிர் பிடிக்குமா என்பதே என் பயம். அடியிலைகளின் ஓரம் ஊதா நிறமாகவும் மாறுகிறது. மணிச்சத்துக் (பாஸ்பரஸ்) குறையோ என்று, அந்தச் சத்துள்ள டிஏபி உரத்தை அடியுரமாகப் போட்டிருந்தும், நேற்று அதன் 2 சதவீதக் கரைசலும் தெளித்தேன்.

இதே நிலையில் இருந்தவர்கள் சொல்லுங்கள்: இந்தப் பயிரையே வைத்துக் காப்பாற்றுவதா, இப்போதே உழுது மறுபடி விதைப்பதா?