லாரி ஓனர் குரூப்: 365 லிட்டர் டேங்க், 378 லிட்டர் பில்

சங்ககிரி 12 வீல்
லாரி டீசல் டேங்க் தகட்டில் 365 லிட்டர். பங்க் பில்லில் 378. டிரைவர் போன்ல சொன்னது: "அண்ணா, ஊசி ரெட்டுல நின்னுச்சு, இப்ப கழுத்து வரைக்கும் டீசல் தெரியுது, ஆளை அனுப்பிப் பாருங்க." யாரும் போகல. 13 லிட்டர் காசை டிரைவரோட படியில (பேட்டாவில) பிடிச்சாச்சு. அடுத்த வாரம் டேங்கை வடிச்சு, 20 லிட்டர் கேனால அளந்து ஊத்தினா விளிம்பு வரைக்கும் 392 பிடிக்குது! தகட்டு அளவு, மேலே காத்துக்கு இடம் விட்டுப் போட்டது. ரெட்டுல 14 லிட்டர் மிச்சம் இருந்திருந்தா பில் சரியாத்தான் இருக்கு.

ஓசூர் டிரெய்லர்
அதையே சாக்கா வெச்சு பில்லை ஏத்துறவங்களும் இருக்காங்க. சந்தேகம் வந்தா பங்க்ல 5 லிட்டர் அளவு கேன் கேளுங்க, வெச்சிருக்கணும், கேட்டா ஊத்திக் காட்டணும். 25 மில்லிக்கு மேல குறைஞ்சா நாசில் சரியில்ல. அடர்த்தி சீட்டையும் பாருங்க. 15 டிகிரிக்கு மாத்தின கணக்கில, பங்க்ல எழுதி வெச்ச எண்ணுக்கும் அளந்ததுக்கும் கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல வித்தியாசம் வந்தா அந்த டீசல் வேண்டாம்.

நாமக்கல் கணக்கு
இங்க விஷயம் பங்க் இல்லீங்க, ஒரே டிரிப்பை வெச்சு மைலேஜ் போடுறது. 600 கி.மீ, 150 லிட்டர், மைலேஜ் 4. கிளம்பும்போது சரிவுல நின்னு ஃபுல் அடிச்சு, 15 லிட்டருக்கான இடத்தில காத்து நின்னுடுச்சுன்னு வைங்க. திரும்பி வந்து சமதளத்தில அடிக்கும்போது 165 பிடிக்கும். மைலேஜ் 3.64. டிரைவர் திருடன் ஆயிடுவான். அதே 15 லிட்டர் 3,000 கி.மீ கணக்கில வந்தா 3.92 தான். அதனால ஒரே பங்க், ஒரே மேடை, வண்டி நிக்கிற பக்கமும் ஒண்ணு, நுரை அடங்கின பிறகு மறுபடி அடிச்சு, நாசில் தானா நிக்கிற ரெண்டாவது கட் வரைக்கும். நாலஞ்சு ஃபில்லைச் சேர்த்துத்தான் ஆளைக் கேள்வி கேக்கணும். காலியா வந்த கி.மீ-யைத் தனியா எழுதுங்க. லோடோட கலந்தா அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்ல.

தொப்பூர் இறக்கம்
இவ்வளவு கணக்கு எதுக்கு? தொப்பூர் மலை இறக்கத்தில நியூட்ரல்ல விட்டாலே டீசல் மிச்சம் பாக்கலாம். எங்க பழைய டிரைவர் எல்லாம் அப்படித்தான்.

ஓசூர் டிரெய்லர்
@தொப்பூர், அந்த மிச்சம் எவ்வளவுன்னு போட்டுப் பாருங்க. ஐட்லிங்ல மணிக்கு சுமார் 2 லிட்டர்னு வெச்சா, 10 நிமிஷ இறக்கத்துக்கு 330 மில்லி. ஆனா கியர்ல இருந்து ஆக்ஸிலேட்டர்ல காலை எடுத்தா, சக்கரமே என்ஜினைச் சுத்துது, இன்ஜெக்டர் டீசலை நிறுத்திடுது. அதாவது நியூட்ரல்லதான் 330 மில்லி போகுது, கியர்ல போகவே போகாது! "பழைய பம்ப் வண்டிக்கு அது பொருந்தாது"ன்னு வராதீங்க, அதுலயும் கவர்னர் (டீசல் அளவைக் கட்டுப்படுத்துற பாகம்) அதையேதான் செய்யும். நியூட்ரல்ல என்ஜின் பிரேக் கிடையாது, எக்ஸாஸ்ட் பிரேக் (புகைக் குழாயை அடைச்சு என்ஜினை மெதுவாக்குறது) இருந்தும் பிடிக்காது, பாரம் மொத்தமும் சக்கரத்து பிரேக் டிரம் மேல. பிரேக் லைனிங் சூடாகிப் பிடிப்பு விட்டுப் போன வண்டி தொப்பூர்ல எங்க போய் நிக்கும்னு தெரியாதவங்க இங்க யாருமில்ல.

கரூர் ஒர்க்‌ஷாப்
மைலேஜ் திடீர்னு அரை கி.மீ இறங்கின ஒரு வண்டியில டீசல் திருட்டுன்னு முடிவே பண்ணிட்டாங்க. டீக்கடையில நிறுத்தினப்ப பின் இடது சக்கரத்து ஹப்ல (நடுப்பகுதியில) தெறிச்ச தண்ணி "ஸ்ஸ்"னு ஆவியாச்சு. மத்த ஹப்ல கை வைக்க முடிஞ்சது. ஸ்லாக் அட்ஜஸ்டர் (பிரேக் இடைவெளியைச் சரிபண்ற பாகம்) இறுக்கம், ரிட்டர்ன் ஸ்பிரிங் உடைஞ்சிருக்கு, பிரேக் பிடிச்சபடியே ஓடியிருக்கு. சமதளத்தில 10 கி.மீ ஓட்டி, பிரேக்கை ரொம்ப மிதிக்காம நிறுத்தி எல்லா ஹப்பையும் பாருங்க. ஒண்ணு மட்டும் கொதிச்சா டீசல் அங்கதான் எரியுது.

சங்ககிரி 12 வீல்
டேங்குக்கு அளவுக் குச்சி பண்ணப் போறோம். மூங்கிலா, அலுமினியமா?

நாமக்கல் கணக்கு
அலுமினியப் பட்டை. மூங்கில் நார் ஃபில்டரை அடைக்கும். கழுத்துல இருக்கிற சல்லடையைக் கழட்டிட்டு, எப்பவும் ஒரே இடத்தில செங்குத்தா இறக்கணும். 20 லிட்டர் ஊத்த ஊத்தக் கோடு போடுங்க, ஸ்கேல் வெச்சு சமமாப் பிரிக்காதீங்க. உருண்டை டேங்குக்கு அது ஒத்து வராது: 120 செ.மீ நீளம், 62 செ.மீ விட்டம்னா நடுவுல ஒரு செ.மீ-க்கு 7.4 லிட்டர், அடியில இருந்து 5 செ.மீ உயரத்தில ஒரு செ.மீ-க்கு 4 லிட்டர்தான். அப்புறம், அந்தப் பையனோட 13 லிட்டரைத் திருப்பிக் குடுத்தாச்சா?