வேர்ட் மெயில் மெர்ஜை கோடில் ஓட்டியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். (மெயில் மெர்ஜ் என்றால், ஒரே கடித மாதிரியில் பட்டியலில் உள்ள பெயர், முகவரிகளை நிரப்பி ஆளுக்கொரு கடிதம் தயாரிப்பது.) ஆக்சஸ் டேட்டாபேஸில் ஒரு பட்டனைத் தட்டினால் கடிதங்கள் தயாராக வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆஃபிஸின் கோட் மொழியான விபிஏவில் வேர்டைத் திறந்து, டேட்டாவை இணைக்க ஓபன்டேட்டாசோர்ஸ், மெர்ஜை ஓட்ட எக்ஸிக்யூட் என்று எழுதினால் முடிந்தது. ஆனால் பயனர் பட்டனைத் தட்டியதும் ஆக்சஸ் அப்படியே உறைந்து போனது. எர்ரரும் இல்லை. வேர்ட் திரையில் தெரியும்படி விசிபிளை ட்ரூ ஆக்கிப் பார்த்தால், ‘இந்த ஃபைலைத் திறந்தால் எஸ்க்யூஎல் கட்டளை ஓடும், தொடரலாமா’ என்று ஒரு பெட்டி பதிலுக்குக் காத்திருக்கிறது. வேர்ட் மறைந்திருந்ததால் பெட்டியும் யார் கண்ணிலும் படவில்லை.

எச்சரிக்கைப் பெட்டிகளைக் காட்டும் டிஸ்ப்ளேஅலர்ட்ஸை அணைத்தால் பெட்டி வராது; ஆனால் வேர்ட் ‘வேண்டாம்’ என்றே எடுத்துக்கொண்டு டேட்டா இணைப்பைக் கழற்றிவிடும். விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் ரிஜிஸ்ட்ரியில் எஸ்க்யூஎல்செக்யூரிட்டிசெக் மதிப்பை 0 ஆக்கச் சொல்வார்கள். அது பாதுகாப்புக்காக வைத்த எச்சரிக்கை, ஒவ்வொரு பயனர் கணினியிலும் போய் அதை அணைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கடித மாதிரியான டெம்ப்ளேட்டை டேட்டா எதுவும் இணைக்காத சாதாரண டாக்குமென்டாகச் சேமித்துவிட்டு, இணைப்பைக் கோடிலேயே கொடுத்தேன். பெட்டி அதோடு ஒழிந்தது.

பதில்:
எனக்கு வதை எக்செல்லால். தேதியில் மாதம் முன்னால் வந்து நின்றது. டேட்டா வந்து உட்காரும் மெர்ஜ் ஃபீல்டில் \@ போட்டு நாள், மாதம், ஆண்டு என்று வடிவம் கொடுத்தால் சரியாகும். மாதத்துக்குப் பெரிய எம் போடுங்கள், சின்ன எம் என்றால் நிமிடம். அதைவிட மோசம், எண்ணும் எழுத்தும் கலந்த நெடுவரிசை. முதல் 8 வரிசையைப் பார்த்துத்தான் எக்செல்லைப் படிக்கும் டிரைவர் வகையை ஊகிக்கிறது. அவை எல்லாமே எண் என்றால், கீழே வரும் ‘12ஏ’ போன்ற கதவு எண் கடிதத்தில் காலியாகிவிடும். இப்போதெல்லாம் எல்லாவற்றையும் டெக்ஸ்டாக மாற்றிய பிறகே வேர்டிடம் கொடுக்கிறேன்.

பதில்:
லேட் பைண்டிங்கில் (வேர்ட் லைப்ரரிக்கு ரெஃபரன்ஸ் வைக்காமல்) எழுதுபவர்களுக்கு ஒன்று. என்னிடம் பழுது பார்க்க வந்த கோடில், மெர்ஜ் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் டெஸ்டினேஷனுக்கு ‘டபிள்யூடிசென்ட்டுபிரின்டர்’ என்றே இருந்தது, ஆனால் ஒரு தாளும் அச்சாகவில்லை. ரெஃபரன்ஸ் இல்லாததால் அந்தப் பெயருக்கு மதிப்பே இல்லை. அறிவிக்காத பெயரைத் தடுக்கும் ஆப்ஷன் எக்ஸ்பிளிசிட்டும் இல்லாததால் விபிஏ அதைச் சத்தமில்லாமல் 0 ஆக எடுத்துக்கொண்டது. 0 என்றால் புது டாக்குமென்ட், பிரின்டருக்கு 1. மறைந்த வேர்டுக்குள் மெர்ஜான கடிதங்கள் திறந்தபடியே கிடந்தன. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் வின்வேர்ட் (வேர்டின் ப்ராசஸ்) வரிசை கட்டி நிற்கிறது! எண்ணையே நேரடியாகப் போட்டேன், எர்ரர் ஹேண்ட்லரிலும் வேர்டை மூடும் குவிட் சேர்த்தேன்.

சர்வரில் ஆளில்லாமல் இதை ஓட்ட நினைக்கிறவர்கள் விட்டுவிடுங்கள், மைக்ரோசாஃப்டே அதற்கு ஆதரவு கிடையாது என்கிறது. அங்கே வேர்டைத் திறக்காமல் டாக்எக்ஸ் ஃபைலுக்குள் இருக்கும் எக்ஸ்எம்எல்லில் நேராக எழுதிவிடுவதுதான் வழி.