1894 புறநானூற்றுப் பதிப்பின் முகவுரை தேவை

வணக்கம். தஞ்சாவூரில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். உ.வே.சா. 1894இல் வெளியிட்ட புறநானூற்று முதற்பதிப்பின் முகவுரையிலிருந்து, ஏட்டுச் சுவடிகள் பற்றிய ஒரு வாக்கியத்தை மேற்கோள் காட்ட வேண்டும். அதை எடுத்தாளும் இரண்டு பிற்கால நூல்களில் வாசகம் ஒன்றுபோல் இல்லை. ஒன்றில் நடுவே சில சொற்களைக் காணோம். விட்டதற்கு அடையாளமாகப் புள்ளிகூட வைக்கவில்லை. இரண்டிலும் பக்க எண் கிடையாது.

இணையத்தில் கிடைத்த ஸ்கேன் பிரதியில் முகவுரைப் பக்கங்களே இல்லை. பல்கலைக்கழக நூலகத்தில் பிந்தைய பதிப்புதான் இருக்கிறது. எம்.எல்.ஏ. (MLA) என்ற மேற்கோள் முறைப்படி, மூலத்துக்குப் பதில் அதை எடுத்தாண்ட இடைநூலைக் காட்டிவிடலாம், சரி. ஆனால் எந்த வாசகம் சரியென்றே தெரியாமல் எப்படி? பார்க்காத மூலத்தைப் பார்த்ததுபோல் அடிக்குறிப்பு போட மாட்டேன். அடுத்த மாதம் ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும்.

முகவுரையோடு முழுதாக உள்ள 1894 பதிப்பை எந்த நூலகத்தில் பார்க்கலாம்?